பிரிட்டனில் இளம் ஓட்டுநர்களின் கார் காப்பீடு: ஏன் இவ்வளவு விலை?

பிரிட்டனில் 17 வயதில் கார் ஓட்டும் உரிமம் பெறலாம். தேர்வில் தேறிய கையோடு ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள பழைய சிறிய கார் ஒன்றை 1,500 பவுண்டுக்கு வாங்கும் இளைஞரிடம், அதற்கான ஓராண்டுக் காப்பீட்டுக்கு 2,000 பவுண்டு கேட்பது அங்கே வியப்பான செய்தியல்ல. வண்டியின் விலையைக் காப்பீட்டின் விலை தாண்டிவிடுகிறது. 2024ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் அந்நாட்டுக் கார் உரிமையாளர்கள் கட்டிய சராசரிப் பிரீமியம் 635 பவுண்டு என்று பிரிட்டிஷ் காப்பீட்டாளர் சங்கம் கணக்கிட்டது. அந்தத் தொகையே மிக அதிகம் என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு இதை ஆராய ஒரு பணிக்குழுவையும் அமைத்தது. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு அந்தச் சராசரி எட்டாக்கனி.

இந்திய வாசகருக்கு இந்த நிலை புதிராகத் தோன்றக் காரணம் உண்டு. இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. அது வண்டியின் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுபவர் 18 வயதுக் கல்லூரி மாணவரா, 50 வயது வங்கி மேலாளரா என்று யாரும் கேட்பதில்லை. தன் வாகனச் சேதத்துக்கான பகுதியும் பெரும்பாலும் காரின் மதிப்பு, வயது, பதிவான ஊர் ஆகியவற்றை வைத்தே அமைகிறது. பிரிட்டனில் நிலைமை நேரெதிர். அங்கே காப்பீடு பெறுவது கார் என்பதைவிட, அந்தக் காரை ஓட்டப்போவதாகப் பெயர் கொடுத்த ஆள் என்பதே சரி. ஒரே கார், ஒரே வீட்டு வாசல். தந்தைக்கு ஒரு விலை, மகனுக்கு அதைப்போலப் பல மடங்கு.

பிரிட்டனில் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். கார்களுக்கு அதுவரை இருந்த மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பை நீக்கியதும் அதே சட்டம்தான். ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935இல். ஆக, ஓட்டத் தெரியுமா என்று அரசு கேட்பதற்கு முன்பே, இடித்தால் பணம் கட்ட வழி உண்டா என்று கேட்டுவிட்டது. அந்த வரிசை தற்செயலானது என்றாலும், அங்கே சாலைப் பாதுகாப்பின் பெரும்பகுதிச் சுமை காப்பீட்டின் தலையில் ஏறியிருப்பதற்கு அது நல்ல முன்னுரை.

இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விபத்தில் பிறருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. இளம் ஓட்டுநரின் பிரீமியத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியம் மிக முக்கியம். 2001 பிப்ரவரியில் யார்க்‌ஷயரின் செல்பி அருகே, சாலையை விட்டு விலகிய ஒரு வண்டி தண்டவாளத்தில் விழுந்து, அதில் ரயில்கள் மோதி 10 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் இளைஞர் அல்ல. ஆனால் ஒருவரது கார் பாலிசியின் மேல் எத்தனை பெரிய பொறுப்பு வந்து விழலாம் என்பதற்கு அந்நாட்டில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் அதுதான்.

பொதுவாக மக்கள் நினைப்பது போல, இளைஞர்களின் பிரீமியத்தை ஏற்றுவது நசுங்கிய பம்பரும் உடைந்த விளக்கும் அல்ல. 1,500 பவுண்டு காரை முழுவதுமாக இழந்தாலும் நிறுவனத்துக்கு 1,500 பவுண்டுதான் போகும். நிறுவனம் அஞ்சுவது, காருக்குள் இருந்த நண்பர்களை. இளைஞர்கள் பெரும்பாலும் தம் வயதினரையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 19 வயதில் முதுகுத்தண்டு முறிந்து படுக்கையில் விழுபவருக்கு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆயுள் உண்டு. அத்தனை ஆண்டுகளுக்கான பராமரிப்பு, மருத்துவம், இழந்த வருமானம் எல்லாவற்றையும் சேர்த்து நீதிமன்றம் இழப்பீடு விதிக்கிறது. அதே காயம் 70 வயதானவருக்கு ஏற்பட்டால் தொகை அதில் ஒரு பங்குதான்.

இந்த இடத்தில் பொதுமக்கள் கண்ணில் படாத ஓர் எண் நுழைகிறது. மொத்தமாகத் தரப்படும் இழப்பீட்டுத் தொகையைப் பெறுபவர் முதலீடு செய்து வட்டி ஈட்டுவார் என்று நீதிமன்றம் கருதுகிறது. அந்த எதிர்பார்ப்பு விகிதத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீதித்துறை அமைச்சர் நிர்ணயிக்கிறார். துறையில் இதை ‘ஓக்டன் விகிதம்’ என்பார்கள். 2001 முதல் அது 2.5 சதவீதமாக இருந்தது. 2017 மார்ச்சில் ஒரே அடியாக மைனஸ் 0.75 சதவீதம் ஆனது. அடுத்த 50 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் பவுண்டு பராமரிப்பு தேவைப்படும் ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இதன் பொருள் விளங்கும். பழைய விகிதத்தில் அவருக்கு இன்று தர வேண்டியது ஏறத்தாழ 28 லட்சம் பவுண்டு. புதிய விகிதத்தில் 61 லட்சம். காயம் அதேதான், ஆள் அதே ஆள்தான்; மாறியது ஒரு தசம எண் மட்டுமே. 2019 ஆகஸ்டில் அது மைனஸ் 0.25 சதவீதமாகவும், 2025 ஜனவரியில் 0.5 சதவீதமாகவும் திருத்தப்பட்டது. கடைசித் திருத்தத்தின்படி மேற்கண்ட கணக்கு சுமார் 44 லட்சத்துக்கு இறங்குகிறது. ஆயுள் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிதாக இந்த விகிதம் வேலை செய்வதால், இளம் பயணிகளை ஏற்றிச் செல்லும் இளம் ஓட்டுநர்களின் பிரீமியத்தில்தான் இதன் அடி பலமாக விழுகிறது.

இத்தகைய விபத்து அபூர்வம் என்பது உண்மை. கணக்குக்காக, 5,000 இளம் ஓட்டுநர்களில் ஒருவர் மட்டும் ஓராண்டில் 30 லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்குக் காரணமாகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒருவருக்காக மட்டுமே 5,000 பேரும் தலைக்கு 600 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். சிறு மோதல்கள், திருட்டு, அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் அதற்கு மேல்தான் வரும்.

விபத்து எண்ணிக்கையும் இளைஞர்களுக்குச் சாதகமாக இல்லை. பிரிட்டனில் உரிமம் வைத்திருப்பவர்களில் 17 முதல் 24 வயது வரையிலானவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர். ஆனால் மரணத்திலோ கடுமையான காயத்திலோ முடியும் கார் மோதல்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் அவர்கள் இருக்கிறார்கள். இதற்கு இரண்டு வேர்கள் உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒன்று வயது: ஆபத்தை எடைபோட்டு உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றொன்று அனுபவமின்மை: எதிரே வரும் வண்டி திரும்பப்போகிறதா, நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடிவருமா என்று முன்கூட்டியே உணரும் கண், ஓட்டி ஓட்டித்தான் வரும். உரிமம் பெற்ற முதல் சில மாதங்களில் உச்சத்தில் இருக்கும் விபத்து அபாயம், அதன்பின் வேகமாக இறங்குகிறது. 40 வயதில் புதிதாக உரிமம் பெறுபவருக்கும் தொடக்க அபாயம் உண்டு. ஆனால் 17 வயதுக்காரரின் அளவுக்கு அல்ல.

சூழலும் கூட்டுகிறது. இரவு நேரம், ஒத்த வயது நண்பர்கள் நிறைந்த கார், கிராமப்புற வளைவுச் சாலை ஆகிய மூன்றும் சேரும்போது அபாயம் பெருகுகிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் குறையும் அபாயம், பின்னிருக்கையில் நண்பர்கள் ஏறினால் கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

காப்பீட்டு நிறுவனம் இதையெல்லாம் தனி ஆளிடம் நேரடியாகப் பார்க்க முடியாது. எனவே அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது. விலை ஒப்பீட்டு இணையதளத்தின் விண்ணப்பம் வயது, தொழில், அஞ்சல் குறியீடு, ஆண்டுக்கு எத்தனை மைல், இரவில் கார் நிற்பது தெருவிலா கொட்டகையிலா என்று துருவுகிறது. ஒவ்வொரு கார் மாடலும் 1 முதல் 50 வரை ஒரு காப்பீட்டுப் பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் முதல் காராக ஒரே மாதிரியான சின்னஞ்சிறு கார்களையே தேடியதற்கு அதுவே காரணம். அஞ்சல் குறியீட்டில் ஒரு முரண் இருக்கிறது. உயிரிழப்பு அதிகம் நேர்வது கிராமப்புறச் சாலைகளில். பிரீமியம் அதிகம் இருப்பதோ லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் போன்ற நகரங்களில். அடிக்கடி நேரும் சிறு மோதலும், திருட்டும், போலிக் கிளெய்மும் நகரத்தில்தான் மலிவு. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி போன்ற தமிழர் மிகுந்த லண்டன் பகுதிகளில் வளரும் பிள்ளைகள் வயதுக்கு ஒரு முறையும் முகவரிக்கு ஒரு முறையுமாக இரட்டிப்பாகக் கட்டுகிறார்கள்.

கிளெய்ம் இல்லா ஆண்டுகளுக்கான தள்ளுபடியும் புதியவருக்கு எதிரானது. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இன்றி ஓட்டியவருக்குப் பிரீமியத்தில் பாதிக்கு மேலும் குறையலாம்; புதியவர் தொடங்குவது பூஜ்யத்தில். சென்னையில் இருபது ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டிய பொறியாளர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். இந்திய உரிமத்தில் அவர் அங்கே 12 மாதங்கள் ஓட்டலாம். அதன்பின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். முந்தைய அனுபவத்தைப் பல நிறுவனங்கள் கணக்கில் கொள்வதில்லை. இளைஞர் கட்டும் தொகையில் கணிசமான பகுதி ‘ஆவணமில்லாதவர்’ என்பதற்கான விலை என்பதை இந்த நடுவயதுக்காரரின் பிரீமியமே காட்டிக்கொடுக்கிறது.

ஊகத்துக்குப் பயன்படும் அடையாளங்களில் எது நியாயம், எது பாகுபாடு என்ற கேள்வி ஒருமுறை ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இளம் பெண்கள் இளம் ஆண்களைவிடக் குறைவாக விபத்தில் சிக்குவதால் அவர்களுக்கு வெகுவாகக் குறைந்த பிரீமியம் இருந்தது; பெண்களுக்கென்றே தனி நிறுவனங்களும் நடந்தன. பெல்ஜியத்தின் டெஸ்ட்-அஷா என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பாலினத்தை வைத்து விலை வகுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சமத்துவத்தின் பெயரால் முதலில் கூடுதல் பணம் கட்டியவர்கள் இளம் பெண்கள். ஆண்களின் சராசரிப் பிரீமியம் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. பாலினம் என்ற பெட்டியை மூடினாலும், அவர்கள் வாங்கும் கார், செய்யும் தொழில், பதிவான குற்றங்கள் வழியாக அதே வேறுபாடு ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது. வயதுக்கு இந்தத் தடை இல்லை. பொருள், சேவை வழங்குவதில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டிஷ் சட்டப் பிரிவு 2012இல் அமலுக்கு வந்தபோதே நிதிச் சேவைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அடையாளத்தை விட்டுவிட்டு ஓட்டும் விதத்தையே அளக்கும் முயற்சிதான் ‘கருப்புப் பெட்டி’. நார்விச் யூனியன் நிறுவனம் 2006இல் ஓட்டும் தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கட்டணம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கி, 2008இல் கைவிட்டது. கருவியின் செலவு அன்று கட்டுப்படியாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கருவி மலிந்தது, இளைஞர் பிரீமியம் ஏறியது. பெட்டி திரும்பி வந்தது. காரில் பொருத்தப்படும் சிறு கருவியோ, கைபேசிச் செயலியோ, வேகம், திடீர் பிரேக், வளைவில் திருப்பும் விதம், ஓட்டும் நேரம் ஆகியவற்றைப் பதிந்து மதிப்பெண் போடுகிறது. நிதானமாக ஓட்டுபவருக்கு ஓராண்டு முடிவதற்குள் ஓர் ஆவணம் உருவாகிவிடுகிறது. விபத்தில் தவறு யாருடையது என்ற தகராறில் அந்தப் பதிவு அவருக்கே சாட்சியாகவும் நிற்கும். மறுபக்கமும் உண்டு. வேக வரம்பைப் பெரிதாக மீறினால் பாலிசியை நிறுவனம் ரத்து செய்யலாம்; ஒருமுறை ரத்தானதை அதன்பின் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சொல்லியாக வேண்டும். இரவுப் பணிக்குப் போகும் மருத்துவமனை ஊழியரையும், இரவு விருந்திலிருந்து திரும்புபவரையும் கடிகாரம் மட்டும் பார்க்கும் கருவி வேறுபடுத்தி அறியாது. ஆயினும், வயதை வைத்து மொத்தமாக விலை போடுவதைவிட இது நேர்மையானது என்பதை மறுப்பதற்கில்லை.

விலை தாங்காதபோது குறுக்கு வழிகள் பிறக்கின்றன. மிகப் பழகியது, மகன் தினமும் ஓட்டும் காருக்குத் தாயையோ தந்தையையோ முதன்மை ஓட்டுநராகக் காட்டி, மகனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது. குடும்பங்கள் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கின்றன. சட்டத்தில் இது மோசடி. விபத்து நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, பாலிசிதாரரிடம் அதைத் திரும்பக் கேட்கலாம். அதைவிடக் கொடியது போலித் தரகர்களின் வலை. சமூக ஊடகங்களில் மலிவு விலைக்கு ஆசைகாட்டி, போலிப் பத்திரத்தையோ பொய்த் தகவலில் எடுத்த பாலிசியையோ இளைஞர்களிடம் விற்றுவிடுகிறார்கள். காவலர் வண்டியை நிறுத்தும்போதுதான் வாங்கியவருக்குத் தன்னிடம் காப்பீடே இல்லை என்பது தெரியவருகிறது.

அந்த நிமிடத்திலிருந்து சட்டம் வேகமாக நகர்கிறது. காப்பீடின்றி ஓட்டியதற்குக் குறைந்தது 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு புள்ளிகள். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். 1997இல் நடைமுறைக்கு வந்த புதிய ஓட்டுநர் சட்டப்படி, தேர்வு தேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்து. ஆகவே இளைஞருக்கு இந்த ஒரே குற்றம் போதும். எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். காப்பீடில்லாத வண்டி இடித்துக் காயப்பட்டவருக்கு 1946இல் தொடங்கப்பட்ட மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் இழப்பீடு தருகிறது. அதற்கான பணம் எல்லா நிறுவனங்களிடமிருந்தும், அதாவது ஒழுங்காகக் கட்டும் எல்லாருடைய பிரீமியத்திலிருந்தும் வருகிறது.

அரசின் பங்கு சிறியதல்ல. 1994இல் 2.5 சதவீதமாகத் தொடங்கிய காப்பீட்டுப் பிரீமிய வரி 2017 முதல் 12 சதவீதம். வரி தொகைக்கு ஏற்ப வளர்வதால், 500 பவுண்டு பிரீமியம் உள்ள நடுவயதுக்காரர் 60 பவுண்டு வரி கட்டும்போது, 2,000 பவுண்டு பிரீமியம் உள்ள 18 வயதுக்காரர் 240 பவுண்டு கட்டுகிறார். சட்டம் கட்டாயமாக்கிய பொருளுக்கு, வாங்க மிகவும் திணறுபவரிடம் மிகுதியாக வரி வாங்குவதற்குக் கருவூலத்தின் தேவையைத் தவிர வேறு நியாயம் சொல்வது கடினம்.

வேறு நாடுகள் வேறு வழிகளைத் தேர்ந்தன. அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் வயதை வைத்து விலை வகுப்பதையே தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, ஓட்டுநரின் குற்றப் பதிவு, ஓட்டும் தூரம், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுக்கும் முதன்மை தருகிறது. அனுபவ ஆண்டுகள் என்பது இளைஞர்களைப் பொறுத்தவரை வயதின் மறுபெயர்தான் என்பதால் அவர்களுக்கு அங்கே பெரிய சலுகை எதுவும் கிடைத்துவிடவில்லை. நியூசிலாந்தின் வழி அடிப்படையிலேயே வேறு. 1974 முதல் அங்கே விபத்துக் காயங்களுக்குப் பொது நிதியம் இழப்பீடு தருகிறது. யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வரம்பற்ற பொறுப்பு என்ற பூதம் பாலிசிக்குள் இல்லாததால், அங்கே கார் காப்பீடு கட்டாயமும் இல்லை. இந்தியாவின் ஒரே சீர்க் கட்டணமும் ஒருவகைப் பகிர்வுதான்: இளைஞரின் அபாயத்தை எல்லாக் கார் உரிமையாளர்களும் சிறிது சிறிதாகச் சுமக்கிறார்கள். சுமை எங்கும் மறைவதில்லை. யார் தோளில் என்பதுதான் மாறுகிறது.

சுமையையே குறைக்கும் வழி என்று நிரூபணமானது ஒன்று உண்டு: உரிமத்தைப் படிப்படியாகத் தருவது. நியூசிலாந்து 1987இல் இதைத் தொடங்கியது. பழகுநர் நிலைக்கும் முழு உரிமத்துக்கும் இடையே ஒரு கட்டுப்பாட்டு நிலை. அந்தக் காலத்தில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டக் கூடாது, துணை ஓட்டுநர் இன்றி நண்பர்களை ஏற்றக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ 1994இலும், அமெரிக்க மாநிலங்கள் 1996இல் புளோரிடாவைத் தொடர்ந்தும் இதே போன்ற முறைகளுக்கு மாறின. பதின்வயதினரின் விபத்துகள் அங்கெல்லாம் கணிசமாகக் குறைந்தன. அபாயம் எந்த மூன்று சூழல்களில் குவிகிறதோ அவற்றில் இரண்டை, அனுபவம் சேரும்வரை, இந்த முறை நேராகத் தடுத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இதற்கான கோரிக்கை பலமுறை எழுந்து பலமுறை ஒதுக்கப்பட்டது. பேருந்து ஓடாத கிராமத்தில் வேலைக்கும் கல்லூரிக்கும் போக வேண்டிய இளைஞரின் கையைக் கட்டிவிடும் என்பது எதிர்வாதம். அதில் பொருள் உண்டு. ஆனால் இன்று அதே இளைஞரின் கையைப் பிரீமியம் கட்டிவைத்திருக்கிறது. அதுவும் வசதியான வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு, இல்லாத வீட்டுப் பிள்ளையை மட்டும். இரவுக் கட்டுப்பாடு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். பயிற்சியாளரோடு கூடுதலாக ஆறு பாடங்கள் ஓட்டிப் பழகும் ‘பாஸ் பிளஸ்’ என்ற விருப்பத் திட்டம் 1995 முதல் நடந்தாலும், அதற்குத் தள்ளுபடி தரும் நிறுவனங்கள் சிலவே. பயிற்சி வகுப்பைவிட, அபாயச் சூழலைத் தவிர்ப்பதே கிளெய்மைக் குறைக்கிறது என்று அவர்களின் கணக்கேடு சொல்கிறது போலும்.

ஐக்கிய இராச்சியத்துக்குள் முதலில் இறங்குவது வடக்கு அயர்லாந்து. கட்டாயக் குறைந்தபட்சப் பயிற்சிக் காலம், புதிய ஓட்டுநருக்கு நீண்ட கட்டுப்பாட்டுக் காலம், இரவில் இளம் பயணிகளை ஏற்றுவதற்கு வரம்பு ஆகியவற்றை 2026 அக்டோபர் முதல் கொண்டுவருவதாக அங்குள்ள நிர்வாகம் அறிவித்திருக்கிறது. பிரீமியம் மறுநாளே இறங்கிவிடாது. சில ஆண்டுக் கிளெய்ம் கணக்கு கைக்கு வந்த பிறகே நிறுவனங்கள் விலையைத் திருத்தும்.